எத்தனை மணிக்குத் தூங்குன, அண்ணே?

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கேரள எல்லை மலையான கம்பம்மெட்டிலிருந்து வரிசையாக இறங்கி வருகிற நேரம். நான் வேலை பார்க்கும் மெடிக்கல் கடை வாசலில் ஒரு அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, மடியிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். பைபோலார் என்கிற மனநோய்க்குக் கொடுக்கிற லித்தியம், கூடவே ராத்திரிக்கு ஒரு மாத்திரை. வயது 22 என்று போட்டிருந்தது. மகனுக்காம். மாத்திரையை எண்ணி உறையில் போட்டு, எது காலையில், எது ராத்திரியில் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் காதில் எதுவும் விழவில்லை. "ஏம்மா, நல்லா இருந்த பிள்ளைக்கு இது எதனால வந்துச்சு? படிச்ச பிள்ளை நீ, சொல்லேன்" என்றார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். "டாக்டர்கிட்டயே கேளுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதனால வந்துச்சு என்பது, என் அண்ணனுக்கு அதே பைபோலார் வந்த 2011-லிருந்து எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறிக் கிளம்பும், அதைத்தான் மேனியா என்பார்கள்; ஒரு சமயம் அப்படியே சோர்ந்து விழும். அதுதான் அந்த நோய். அம்மாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது, அய்யாவிடம் ஒன்று, மதினியிடம் ஒன்று. என்னிடமும் ஒன்று இருந்தது, அது இரண்டு முறை மாறியது. அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது பாப்பா, பேர மட்டும் போடாத" என்றான்.

அண்ணன் ஜீப் ஓட்டினான். கம்பத்தில் ஜீப் ஓட்டுவது என்றால் என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். விடியற்காலை நாலரைக்கெல்லாம் பெண்கள் தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி, புளியமலை, வண்டன்மேடு, அணக்கரைப் பக்கத் தோட்டங்களில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். அண்ணன் மூணு மணிக்கு எழுவான், ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவான். பத்து வருஷம் அப்படியே ஓடியது. அவனோடு அதே ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்களும் அதே மூணு மணிக்குத்தான் எழுந்தார்கள். அவர்களில் யாருக்கும் இது வரவில்லை. தூக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். தூக்கம் கெட்டவனுக்கெல்லாம் பைபோலார் வருவதில்லை. எங்கள் தாத்தாவின் தம்பி ஒருவர் சித்திரை பிறந்தால் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாராம். ஒரு வருஷம் சந்தையில் பார்த்த யாரோ ஒருவருக்கு உழவு மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பழனிக்கு நடந்தே போய்விட்டாராம். அதைச் சாமி கிறுக்கு என்று சொல்லி எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். அது ரத்தத்தில் வந்துகொண்டிருக்கிறது என்று யாரும் நினைத்ததில்லை. மருந்து அடைத்த வெடியாக அண்ணன் பிறந்திருந்தான். பற்றவைக்க உரசிய குச்சி எது என்பதுதான் மீதிக் கதை.

அணைக்காக விழித்திருந்த மார்கழி

2011 டிசம்பரை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைந்துகிடந்தது. மலைக்கு வேலைக்குப் போன நம் ஆட்கள் பயந்துகொண்டு காட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். பல்லாயிரம் பேர் கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளியை நோக்கி நடந்தார்கள். ஜீப்புகள் எல்லாம் நின்றுபோயின. அண்ணனுக்கு வேலை இல்லை, ஆனால் வீட்டிலும் இல்லை. பைக்கில் லோயர் கேம்புக்கும் கம்பத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தான். சோற்றுப் பொட்டலம் கட்டினான், தண்ணீர் கொண்டுபோனான், ராத்திரி ரோட்டோரத்தில் உட்கார்ந்து பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை. பென்னிகுக் எப்படி 1895-ல் அணையைக் கட்டி முடித்தார் என்று நேரில் பார்த்தவன்போலச் சொல்லுவான். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். தம்பிக்கு என்ன ஊர்ப்பற்று என்று அய்யாவிடம் வந்து சொன்னார்கள். அய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊரே தூங்காமல் கிடந்தபோது ஒருவன் தூங்கவில்லை என்பது எப்படிக் கண்ணில் படும்? மற்றவர்கள் விழித்திருந்து மறுநாள் கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள். அண்ணனுக்குச் சாயத் தேவையில்லை. அஞ்சு நாள் சேர்ந்தாற்போல ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம்தான் கண்ணை மூடியிருப்பான். களைப்பு என்பதே இல்லை. ஆறாவது நாள் சீட்டுப் பணம் எண்பதாயிரத்தையும் எடுத்துக் கொடியும் சாப்பாடும் வாங்கிவிட்டான். ஏழாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு, பென்னிகுக் தன்னிடம் அணையை ஒப்படைத்திருக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். மதினி ஜீப்புக்கு முன்னால் படுத்துத்தான் நிறுத்தினார். அப்போது அவர் மகளுக்கு அஞ்சு வயது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கோடாங்கியைக் கூட்டிவந்தார். காட்டுப் பாதையில் கன்னிமார் அடித்துவிட்டது என்று சொல்லி உடுக்கடித்து, வேப்பிலையால் அடித்து, விடிய விடிய உட்கார வைத்தார்கள். அதிலும் ரெண்டு ராத்திரித் தூக்கம் போனது. பதினோரு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதில் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த கதவைத்தான் யாரும் முதலில் தட்டுவார்கள். அய்யா மட்டும் கஞ்சாவாக இருக்கும் என்று பிடிவாதமாக இருந்தார். அண்ணன் அதைத் தொட்டவன் இல்லை. ஆனால் அய்யாவின் சந்தேகம் பொதுவாகத் தவறும் இல்லை. இந்த நோய்க்கு இடமுள்ள உடம்பில் கஞ்சா புகுந்தால் கிளப்பிவிடும், நோய் கிளம்பியபின் அடங்க விடாமலும் பண்ணும். எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

பிற்பாடு எல்லை திறந்து, தை மாசம் கழித்து அண்ணனோடு புளியமலைக்குப் போனேன். அவன் வழக்கமாகச் சாயா குடிக்கும் கடையில் இருந்த சேச்சி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். பிரச்சினை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, "மோனே, நீ உறங்காறில்லே?" என்று தான் கேட்டதாகவும், அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டதாகவும். ஒரு வாரம் முன்னால் என்றால் கலவரமே இல்லை. வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். தூக்கத்தைப் பற்றி அவனிடம் கேட்ட ஒரே மனுஷி மெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அம்மா சொன்ன "இல்ல"

மருந்தில் சரியானான். எட்டு மாசம் கழித்து, நல்லாத்தானே இருக்கிறோம் என்று மருந்தை விட்டான். 2013-ல் எதிர்ப்பக்கம் சாய்ந்தான். படுத்த படுக்கை. குளிக்கவில்லை, பேசவில்லை, ஜீப் சாவி ஆணியிலேயே தொங்கியது. அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சின்னமனூரில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு காட்டிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பழைய நோட்டைக் கேட்பார்கள், தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நல்ல டாக்டர். நிதானமாகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது இதுக்கு நேர்மாறா, தூக்கமே இல்லாம, ரொம்ப உற்சாகமா, அளவுக்கு மீறிச் செலவு பண்ணி, அப்படி இருந்திருக்காரா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "இல்லங்க" என்றார்.

நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பைபோலார் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்குச் சோர்விலிருந்து நேரே மேனியாவுக்குத் தூக்கிப்போட்டுவிடும். அதனால்தான் லித்தியம், வால்ப்ரோயேட் மாதிரி மனநிலையைக் கட்டுக்குள் வைக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள், அல்லது அந்த மாத்திரையையே தவிர்ப்பார்கள். வீஸிங்குக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரைகூடச் சிலருக்கு இப்படிச் செய்யும். பாடமாகப் படித்ததுதான். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்காகத்தானே அம்மா பொய் சொல்கிறார் என்று மனசுக்குள் ஒரு நொண்டிக் காரணம். அண்ணனும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கவில்லை. அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மூணாவது வாரம் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மாத்திரை வேலை செய்கிறது என்று வீடே சந்தோஷப்பட்டது. நாலாவது வாரம் காலை அஞ்சு மணிக்குச் சின்னமனூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒன்பது தாம்பாளத்தோடு நின்றான். அம்பது பவுன் போடுகிறேன், ஒரு தோப்பு எழுதித் தருகிறேன் என்று தெருவே கேட்கப் பேசினான். அந்தச் சம்பந்தம் முறிந்தது. அதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை. அந்த அறையில் டாக்டர் கேட்டபோது நான் பார்த்துக்கொண்டிருந்த சுவர்க் காலண்டர் மட்டும் இன்றும் கண் முன்னால் நிற்கிறது.

இதை வாசிக்கிற யாராவது மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், தயவுசெய்து அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோர்வு மட்டுமே உள்ள எத்தனையோ பேரை அந்த மாத்திரை எழுப்பி நடக்க வைக்கிறது. பழைய கதையை டாக்டரிடம் முழுதாகச் சொல்லுங்கள். நோயாளியால் சொல்ல முடியாவிட்டால் கூடப் போகிறவர்கள் சொல்லுங்கள். மேனியாவில் இருந்தது பல பேருக்கு நோயாகவே நினைவில் இருக்காது, அது அவர்களுக்கு வாழ்க்கையிலேயே நல்ல காலமாகத் தெரியும். சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ட்ரிப் நோட்டு

அதற்கப்புறம் லித்தியத்தில் ஆறு வருஷம் நன்றாக இருந்தான். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துச் சொன்ன பழைய மருந்து அது. ஒரு உப்பு, அவ்வளவுதான். ஆறு வருஷம் எங்கள் வீட்டை அந்த உப்புதான் தாங்கியது. மாசாமாசம் நானே கடையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

2019-ல் வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்ட ஒன்று நடந்தது. லோன் போட்டு ஒரு டெம்போ டிராவலர் வாங்கினான். பழையதுதான், ஆனால் அவன் பேரில் முதல் வண்டி. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, அய்யாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றினான். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை சீசன். கம்பத்திலிருந்து ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் நிலக்கல். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் அந்த சீசனிலும் வண்டிகளைப் பம்பையில் போட முடியாது, அதற்கு முன்னால் நிலக்கல்லிலேயே போட்டுவிட வேண்டியிருந்தது. கூட்டம் கூடினால் போகும்போது கம்பம்மெட்டு, கட்டப்பனை வழி, வரும்போது குமுளி வழி என்று மாற்றிவிடுவார்கள், அதில் இன்னும் நேரம் போகும். சாமிமார்கள் மலை ஏறி இறங்கும்வரை வண்டியில் கண்ணயரலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எந்த டிரைவருக்கும் பலிப்பதில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி எரிமேலியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அவன் கையில் இருந்த பணத்தைப் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறான் என்று போன் வந்தது.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வண்டியைச் சுத்தம் பண்ணினேன். டூல்ஸ் பெட்டியில் நான் கொடுத்த லித்தியம் அட்டைகள் பிரிக்காமல் இருந்தன. ரெண்டு மாசத்தது. ராத்திரி ஓட்டும்போது மந்தமாக இருக்கிறது என்று நிறுத்தியிருக்கிறான். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் அடுத்த சில மாசங்களில் மேனியா திரும்பி வருவது அதிகம் என்று எனக்குத் தெரியும். பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் டேஷ்போர்டில் ட்ரிப் நோட்டு கிடைத்தது. டிரைவர்கள் வைத்திருப்பார்களே, கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், டீசல், அட்வான்ஸ் எல்லாம் எழுதிய சின்ன டைரி. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ராத்திரி வரை வாசித்தேன்.

நவம்பர் 17-லிருந்து வரிசையாக ராத்திரி ட்ரிப். கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் கழித்துப் பார்த்தால், தூங்கக் கிடைத்தது நாலு மணி, மூணு மணி. இது வேலை தின்ற தூக்கம். நவம்பர் 28, 29 இரண்டு நாளும் ட்ரிப் இல்லை. வீட்டில் இருந்த நாட்கள். ஆனால் அந்தப் பக்கங்கள் காலியாக இல்லை. "3.10 வண்டி கழுவினேன்." "4.00 மறுபடி கழுவினேன்." படுக்க நேரம் இருந்தும் தூக்கம் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. அங்கிருந்து எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. ஓரத்தில் கணக்கு, ஒரு வண்டி பத்து வண்டியாகும் கணக்கு. டிசம்பர் 5-ல் ஒரு பக்கத்துக்கு ரெண்டே வார்த்தை. பேனா அழுத்தி அடுத்த தாள் வரை கிழிந்திருந்தது.

அந்த இரண்டு நாள்கள்தான் எனக்குக் கண்ணைத் திறந்தன. அதுவரை தூக்கம் கெட்டது காரணமா, நோயின் முதல் அடையாளமா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நோட்டில் ரெண்டும் ஒரே கயிற்றின் ரெண்டு புரியாக இருந்தது. முதலில் வேலை தூக்கத்தைத் தின்றது. பிறகு கிளம்பிய மேனியா மிச்சத்தைத் தின்றது, தின்னத் தின்ன அது வளர்ந்தது. அமெரிக்காவில் தாமஸ் வேர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1987-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். துக்கம், சந்தோஷம், பிரசவம், பயணம், மருந்து என்று எது வழியாகத் தொடங்கினாலும், பல சமயம் தூக்கம் குறைவது என்ற ஒரே வாய்க்கால் வழியாகத்தான் அது மேனியாவாகிறது என்பது அவர்கள் கருத்து. நம் பள்ளத்தாக்கில் எந்த மலையில் மழை பெய்தாலும் தண்ணீர் வைகை அணைக்குப் போய்ச் சேருகிற மாதிரி. பச்சை உடம்புக்காரிகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்த நோய் இருக்கிற பெண்ணுக்குப் பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. அந்த நாட்களில் ராத்திரிப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள வீட்டில் இன்னொரு கை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது. அது அய்யாவின் பதிலையும் அம்மாவின் பதிலையும் ஒன்றாகச் சேர்த்துக் கவிழ்த்தது. நாங்கள் எல்லோரும் அவன் மனசு எதில் அடிபட்டது என்றே தேடிக்கொண்டிருந்தோம். யார் திட்டினார்கள், எதில் ஏமாந்தான், யார் கண் பட்டது. முதல் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது: "சொந்த வண்டி. அய்யா சிரிச்சாரு." ஷெரி ஜான்சன் என்ற உளவியலாளர் 2000-த்தில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பைபோலார் உள்ளவர்களுக்கு, சும்மா நல்லது நடந்தால் ஒன்றுமில்லை, ரொம்ப நாள் துரத்திய ஒன்று கைக்கு வந்தால் மேனியாவின் அறிகுறிகள் ஏறுகின்றன என்கிறது அது. வேலை கிடைப்பது, வீடு கட்டி முடிப்பது, நினைத்த இடத்தில் கல்யாணம். இதை வாசித்த அன்று எனக்கு நிம்மதியும் வந்தது, பயமும் வந்தது. துக்கத்திலிருந்து ஒருவனைக் காப்பாற்ற எல்லோருக்கும் தோன்றும். ஜெயித்தவனைப் போய் எதிலிருந்து காப்பாற்றுவது?

அடுத்தடுத்து வரும்போது உரசல் சின்னதாகிக்கொண்டே வரும் என்று ஒரு கருத்தும் உண்டு. ராபர்ட் போஸ்ட் 1992-ல் எழுதினார், முதல் முறைக்குப் பெரிய அடி வேண்டும், போகப் போக லேசான காற்றே போதும் என்று. எல்லா ஆய்வுகளும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாலு வருஷம் நான் அண்ணனைப் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது.

லட்டு

2024 மே 6. பிளஸ் டூ ரிசல்ட். அண்ணன் மகள் அறுநூற்றுக்கு 571. எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை ஒருத்தி இப்படி வாங்கியது அதுதான் முதல். நான் கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணன் அப்போது டிரைவர் வேலையை விட்டுச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் இருந்தான். பகல் வேலை, ராத்திரி வீடு. தோட்டத்திலிருந்து அப்படியே அழுக்குக் கைலியோடு கடைக்குப் போய் அஞ்சு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். தெரு முழுக்கக் கொடுத்தான். மகளைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, அவளுக்கு வெட்கம். சத்தம் போட்டுச் சிரித்தான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வாயிலேயே ஊட்டினான். "எம் மக! எம் மக!" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அம்மா மதினியைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தார். மகள் லட்டைப் பாதி கடித்தபடி எங்கள் மூணு பேரையும் பார்த்தாள். நான் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"நேத்து எத்தனை மணிக்குத் தூங்குன, அண்ணே?"

லட்டுப் பெட்டியைத் திண்ணையில் வைத்தான். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன், ஒரு துணியை உருவி எடுத்ததுபோல. "சிரிச்சாக்கூடத் தூங்குனியான்னு கேக்குறீங்க. அழுதா ஒருத்தரும் கேக்க மாட்டீங்க. எனக்குச் சந்தோஷப்படவே பயமா இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டான். முந்தின ராத்திரி அவன் பத்து மணிக்குப் படுத்து அஞ்சரைக்கு எழுந்திருந்தான். ரிசல்ட்டுக்காக நான்தான் தூங்கவில்லை. அஞ்சு கிலோ லட்டு என்பது நன்றாகப் படித்த மகளின் அப்பா வாங்குகிற அளவுதான். மேனியா என்றால் அவன் கடையையே வாங்கியிருப்பான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன், அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வருகிற நாளில், அவள் முன்னாலேயே.

காரணத்தைத் தேடுவதில் நான் எங்கே தவறினேன் என்று அன்றுதான் தெரிந்தது. உரசும் குச்சியைத் தேடித் தேடி, அவன் வாழ்க்கையில் நடப்பது எல்லாவற்றையும் நான் குச்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாட்டுக் கேட்டால் குச்சி, சட்டை எடுத்தால் குச்சி, மகளைக் கொண்டாடினால் குச்சி. நாங்கள் மேனியாவைக் காவல் காத்ததில் மனுஷன் சிரிக்க இடமில்லாமல் போயிருந்தது.

ராத்திரி எல்லோரும் படுத்தபின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பெல்லாம் எங்கள் வீட்டில் வாய் விட்டுக் கேட்டுப் பழக்கமில்லை. "நீயே சொல்லுண்ணே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பதிமூணு வருஷத்தில் அவனிடம் இதை நான் கேட்டது அன்றுதான். ரொம்ப நேரம் யோசித்தான். "பச்சை ரொம்பப் பச்சையாத் தெரியும் பாப்பா" என்றான். "மெட்டு ஏறும்போது ஏலச்செடி இருக்குல்ல, ஒவ்வொரு இலையும் தனித்தனியா மினுங்கும். பாட்டுல தபேலா மட்டும் தனியாக் கேக்கும். அப்ப ரெண்டு நாள் இருக்கும், பிடிச்சிக்கலாம். மூணாவது நாள் எனக்கே பிடிக்க இஷ்டம் இருக்காது." நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தேடிக்கொண்டிருந்தது என் அண்ணனிடம் இருந்தது.

அன்று அவன்தான் ஒரு யோசனை சொன்னான். பழைய ட்ரிப் நோட்டு மாதிரி ஒன்று வைத்துக்கொள்கிறேன், படுத்த நேரம், எழுந்த நேரம் நானே எழுதுகிறேன், நீங்கள் யாரும் கேட்கக் கூடாது. சேர்ந்தாற்போல ரெண்டு ராத்திரி அஞ்சு மணி நேரத்துக்குக் கீழே போனால், அல்லது பச்சை பச்சையாகத் தெரிந்தால், நானே உங்கள் மதினியிடம் சொல்லிவிடுகிறேன், அவள் டாக்டருக்குப் போன் போடட்டும். அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் சொன்னோம். அவர் சந்தோஷப்பட்டு, அந்த மாதிரி ராத்திரிகளில் எந்த மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதே நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தார். என் பங்கு வேறு: லித்தியம் சாப்பிடுகிறவன் வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குறையக் கூடாது, சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று விடக் கூடாது, மூட்டுவலி என்று ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, அது லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். சொன்ன தேதியில் ரத்தத்தில் லித்தியம் பார்க்க வேண்டும். இதை நான் தங்கச்சியாகச் சொல்வதில்லை, கடைக்காரியாகச் சொல்கிறேன், அவனும் வாடிக்கைக்காரனாகக் கேட்டுக்கொள்கிறான். சபரிமலைக்கு இப்போதும் போகிறான். சீசனில் இல்லை. மலையாள மாசம் பிறந்ததும் அஞ்சு நாள் நடை திறப்பார்களே, அந்த மாசப் பூஜைக்குப் பகல் வண்டியில் போய்வருகிறான்.

அந்த ஏலத்தோட்டத்து அம்மா மறு மாசம் மாத்திரை வாங்க வந்தார். கடையில் கூட்டம் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, கூட்டம் குறையும்வரை காத்திருக்கச் சொன்னேன். அவர் மகன் பெங்களூரில் ராத்திரி ஷிப்டில் வேலை பார்த்தவன். வேலை நிரந்தரமான மாசம்தான் கிளம்பியிருக்கிறது. யாரும் செய்வினை வைக்கவில்லை, நீங்கள் வளர்த்ததில் குறை இல்லை, அவன் நெஞ்சில் எதையும் மறைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி ஷிப்ட் இல்லாத வேலையாகப் பார்க்கச் சொன்னேன். 14416 என்று அரசு மனநல உதவி எண்ணை உறையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுத்தேன், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம் என்று. போகும்போது, "அப்ப அவன் தூங்குறானான்னு நான் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டார். "அவன்கிட்ட கேளுங்கம்மா, அவனுக்கு எப்படித் தெரியும்னு" என்றேன். கொஞ்சம் முழித்தார். மறுபடி வரும்போது பேசலாம் என்று அனுப்பினேன்.

அண்ணனின் நோட்டு இப்போது இரண்டாவதாகிவிட்டது. பொங்கலுக்கு அவன் மகள் மதுரையில் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள். நான் போனபோது நோட்டு தொலைக்காட்சிப் பெட்டி மேல் திறந்தபடி கிடந்தது. எடுத்துப் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவனே, "பாரு, பரவாயில்ல" என்றான். முந்தின நாள் எழுதியது, பழைய அளவில், சின்ன எழுத்தில்:

"10.10 – 5.20. மக வந்திருக்கா. ரொம்பச் சந்தோஷம். பச்சை சாதாரணமாத்தான் இருக்கு."